ஆடாத பல்லு

– பிடுங்கி விட்ருங்க டாக்டரே. நா தீர்மானிச்சுட்டுதான் வந்தேன்.

– ஆடாத பல்ல எதுக்கு ததேயுஸ் அண்ணே பிடுங்கணும்? இந்தா, நானே பிடிச்சு ஆட்டிப் பாக்கேன். அசையல்ல. சொவத்துல அடிச்ச ஆணி மாதிரி நிக்கு.

– வேதன இருக்கு.

– எங்க?

– அதுலதான்.

– செரி, தட்டிப் பாக்கேன். வலிச்சா கைய தூக்குங்க. இப்போ? இப்போ? நீங்க தூக்கவே இல்லியே.

– தூக்க மறந்துட்டேன்.

– பல்லு வேதனைய மறந்த ஆள நா இப்பந்தான் பாக்கேன். அண்ணே, போன வருஷம் நீங்க மொதல்ல வந்தப்போ இந்தப் பல்லு எப்படி இருந்துதுண்ணு ஓர்ம இருக்கா? நாக்கு பட்டா சாயும். ஈறு எறங்கி, வேரு பாதி வெளிய தெரிஞ்சுது. பல்லத் தாங்கியிருந்த எலும்பு கரஞ்சு, அந்த எடத்துல ஒரு குழியே விழுந்து கெடந்துது. எடுத்துரலாம் அண்ணேண்ணு நா சொன்னேன். எப்படியாவது நிப்பாட்டித் தாங்க டாக்டரேண்ணு சொன்னது யாரு?

– நாந்தான்.

– இப்போ நிண்ணாச்சு. இப்போ வந்து பிடுங்குண்ணு சொன்னா?

– நிண்ணதுதான் டாக்டரே பிரச்சினை.

– எனக்கு ஒண்ணும் புரியல்ல. இங்க பாருங்க, இந்த எக்ஸ்ரே ஆபரேஷனுக்கு முன்ன எடுத்தது. பல்லுக்குப் பக்கத்துல கருப்பா ஒரு பள்ளம் தெரியுதா? இது இண்ணைக்கு எடுத்தது. அதே எடம். பள்ளத்தக் காணுமா? வெள்ளையா நெரஞ்சு வந்திருக்கு. உங்க சொந்த எலும்பு. நடுவுல பழுத்து, நா வச்ச எலும்புப் பொடி பாதி சீழோட போன பிறகும் வந்திருக்கு. எனக்கே நம்பிக்க இல்லாம இருந்துது. எங்க காலேஜ் சாருக்கு இந்தப் படத்த அனுப்பணும்ணு இருக்கேன்.

– அனுப்பிட்டு பிடுங்குங்க.

– கேலியா?

– கேலி ஒண்ணும் இல்ல. மரப்பு ஊசி கூட வேண்டாம். வீட்டுல தூண்டி வளைக்கிய குறடு இருக்கு. அத வச்சு நானே இழுத்திருப்பேன். தாடை பொளந்து போச்சுண்ணா கஞ்சி குடிக்கவும் வழி இருக்காதேண்ணுதான் இஞ்ச வந்தேன்.

– நல்ல காரியம் செய்தீங்க. யாரு கதவுல? அம்மா, உள்ள ஆளு இருக்கு. கொஞ்சம் வெளிய இருங்க.

– வெளியதான் பிள்ளே நிக்கேன். சாஞ்சு நிண்ணேன், கதவு தானா தொறந்துட்டுது. உள்ள வந்தா மீன் மணக்கும், சந்தைக்குப் போற வழியில வாறேன். மீன் சருவத்த கீழ பழக்கடைக்காரன் பாத்துக்கிடுவான். அந்தக் கசேரில மலந்து கெடக்கியது ததேயுஸ்தானே?

– மாமி, நீங்க எதுக்கு இஞ்ச வந்திய?

– நீ எதுக்கு வந்தே மக்கா? மார்த்தாண்டத்துல கயிறு வாங்கணும்ணு பிள்ளைகிட்ட சொல்லிட்டு பஸ்ஸு கேறினே. நா பொறத்த சீட்டுல சருவத்த மடியில வச்சுட்டு இருக்கேன், நீ திரும்பிப் பாக்கல்ல. கயிறுக்கடை வந்துது, நீ எறங்கல்ல. செரி, அடுத்த கடையில வெல கொறவா இருக்கும்ணு நெனச்சேன். அதுவும் போச்சு. பின்ன பாத்தா பல்லு ஆசுவத்திரிக்க ஏணிப்படியில கேறுறே. பல்லு டாக்டரு எப்பண்டே கயிறு விக்கத் தொடங்குனாண்ணு பின்னாலயே வந்தேன்.

– டாக்டரே, இது எனக்க மாமி. லீமாக்க அம்மா. யேசுரத்தினம்ணு பேரு.

– லீமாவ எனக்கு நல்லா ஓர்ம இருக்கே. ஆபரேஷன் அண்ணைக்கு சொவத்தப் பாத்துட்டு ஜெபமால சொல்லிட்டே இருந்தாங்க. உள்ள வாங்க அம்மா, உக்காருங்க. மீன் மணம் எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க மருமவன் நல்ல பல்லப் பிடுங்கச் சொல்லி அடம் பிடிக்காரு.

– எந்தப் பல்ல?

– ஆபரேஷன் செய்த அதே பல்ல.

– ஓ.

– என்னம்மா?

– ஒண்ணும் இல்ல பிள்ளே. படி கேறினதுல மூச்சு வாங்குது. இந்த ஃபேன் கொள்ளாம், சத்தம் இல்லாம சுத்துது. எங்க வீட்டுல ஒண்ணு உண்டு, போட்டுக்க எஞ்சின் மாதிரி கரையும், காத்து மட்டும் வராது. பாலம் கெட்டுறோம்ணு சொல்லி ரோட்ட முச்சூடும் தோண்டிப் போட்டிருக்கான். மீனுல பூராவும் சிமின்ட் பொடி. ஒரு பொம்பள நேத்து சாளைய பெரட்டிப் பாத்துட்டு, இது என்னம்மா மாவு பொரட்டி கொண்டு வந்தியா, நேர சட்டியில போட்ரலாமாண்ணு கேக்கா. நா சொன்னேன், உனக்கு வேல மிச்சம்தானேண்ணு.

– மாமி, நீங்க கீழ போய் இருங்க. நா வந்துருவேன்.

– போமாட்டேன்.

– மாமி.

– கசேரி போட்டு உக்காரச் சொன்னது டாக்டரு. நீ இல்ல.

– இருக்கட்டும் அண்ணே. அம்மா இருந்தாத்தான் எனக்கும் ஒரு தொண. சீழ எடுத்து மருந்து வச்சு விட்ட பிறகு நீங்க இந்தப் பக்கமே வரல்ல. ஃபோன் பண்ணா எடுக்கல்ல. எனக்கு எவ்வளவு வெப்ராளமா இருந்துதுண்ணு தெரியுமா? ஆமா, உங்க கூட ஒரு பையன் வருவானே. லீமாக்க தம்பி. வாயி ஓயாம பேசுவானே.

– டாக்டரே, அத விடுங்க.

– எப்படி விடுறது? எலும்புப் பொடி குப்பிய கையில வாங்கிப் பாத்துட்டு, இதுல கொஞ்சம் அத்தானுக்க மண்டையிலயும் தூவுங்க டாக்டர், முடி மொளைக்கும்ணு சொன்னவன். எங்க நர்ஸு பிள்ள சிரிச்சு கத்தரிய கீழ போட்டா. அண்ணைக்கு நா இந்தப் பொடி, சவ்வு எல்லாம் எதுக்குண்ணு வெளக்குனேன். உங்களுக்குப் புரியல்ல, லீமாவுக்கும் புரியல்ல. அவன் ஒரே வார்த்தையில சொன்னான். என்னமோ பந்திண்ணு சொன்னானே.

– ஈறு சதை மொதப் பந்தியில முந்திப் போய் இருக்கிய ஆளு. எலும்பு கடைசிப் பந்திக்கு பைய வாற ஆளு. சும்மா விட்டா சதை எல்லா எலையிலயும் கேறி இருந்துரும், எலும்பு வரும்போ எடம் இருக்காது. அதுக்குத்தான் டாக்டரு நடுவுல ஒரு திரைய கெட்டி, எலும்புக்கு உள்ள எலைய பிடிச்சுப் போட்டிருக்காண்ணு சொன்னான்.

– அதேதான். இப்போ நா எல்லா பேஷண்டுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுக்கேன். லிஜின்தானே பேரு? நல்லா இருக்கானா? வெளிநாட்டுக்குப் போகணும்ணு சொல்லிட்டிருந்தான். போயிட்டானா?

– கொஞ்சம் தண்ணி தாங்க டாக்டரே.

– இந்தா, குடிங்க. அவன் இப்போ எங்க இருக்கான்?

– அவன் எனக்க மவன் பிள்ளே. லீமாக்கு இளையவன்.

– தெரியும் அம்மா. அதான் கேக்கேன்.

– ஒக்கிப் புயல்ல போனான்.

– அய்யோ. அம்மா, எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது.

– உனக்கு எப்படி பிள்ளே தெரியும். இருக்கட்டு. நீ சிரிச்சுட்டு அவனப் பத்தி கேட்டப்போ எனக்கு ஒரு நிமிஷம் நல்லா இருந்துது. ஊருல எல்லாவனும் அவனுக்க பேரச் சொன்னா மொகத்தத் தொங்கப் போடுவான். நீ ஒருத்திதான் சிரிச்சுட்டு கேட்டே.

– அவன் கடலுக்குப் போவானா? வெல்டிங் படிச்சிருக்கேன், அதுலதான் வெளிநாடு போகப் போறேன்ணு என்கிட்ட சொன்னானே.

– கரைப்பக்கம் வள்ளத்துல போவான். தங்கல் தொழிலுக்கு அவன் போனதே இல்ல. மாசக்கணக்குல வெளிக்கடல்ல கெடக்கியதுக்கு எனக்கு வயிறு இல்ல அம்மாண்ணு சொல்லுவான். மொதத் தடவ போனான். அதுதான் கடைசி.

– பின்ன ஏன் போனான்?

– எனக்க எடத்துக்குப் போனான் டாக்டரே.

– மக்கா.

– சொல்லட்டும் மாமி. இவங்க காரணம் கேக்காவ இல்லியா. இந்தப் பல்லுக்குத்தான் போனான். போட்டுல எனக்கு ஒரு எடம் உண்டு. எங்க பக்கத்துல ஒருத்தனுக்கு சொகம் இல்லேண்ணா, அவனுக்க வீட்டுல இருந்து ஒரு ஆளு அந்த எடத்துக்குப் போணும். இல்லேண்ணா மத்தவனுக எல்லாம் ஆளு கொறஞ்சு கஷ்டப்படணும், பின்ன அடுத்த தங்கலுக்கு நம்மள விளிக்கமாட்டான். போட்டு கடலுக்கு எறங்கிய நேரத்துல எனக்கு மொகம் இந்தப் பக்கம் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. நீங்கதானே கீறி சீழ எடுத்தீங்க.

– ஆமா. காய்ச்சல் வேற இருந்துது. நா அண்ணைக்கு கேட்டேனே அண்ணே, பீடி வலிச்சீங்களா, அந்தப் பக்கம் வச்சு எதையாவது கடிச்சீங்களாண்ணு. எல்லாத்துக்கும் இல்ல இல்லேண்ணீங்க. எதனால பழுத்துதுண்ணு எனக்கு இண்ணைக்கு வரைக்கும் தெரியாது.

– கடத்தண்ணியால பழுத்துது.

– கடத்தண்ணியா?

– நீங்க உப்பு போட்டு வெதுவெதுப்பா கொப்பளிக்கச் சொன்னீங்க. லீமாவும் ரெண்டு நாளு காச்சிக் குடுத்தா. லிஜின் வந்து, இந்தப் பாக்கெட்டு உப்பெல்லாம் ஒரு உப்பாண்ணு கேட்டான். எங்களுக்கு போட்டுல தூண்டி முள்ளு குத்தி கை கிழிஞ்சா கடத்தண்ணியதான் கோரி ஊத்துவோம். ரெண்டு நாள்ல ஆறிரும். எங்க அப்பன் காலத்துல இருந்து அப்படித்தான். கைக்கு ஆறினா வாய்க்கும் ஆறும்தானேண்ணு அவன் சொன்னான். எனக்கும் அது செரிண்ணுதான் பட்டுது.

– கைப்புண்ணு வேற அண்ணே. வாயிக்குள்ள தையல் போட்டு, உள்ள பொடி வச்சு மூடியிருக்கு.

– இப்போ தெரியுது. கரைத்தண்ணியில மண்ணும் அழுக்கும் கெடக்கும்ணு, வள்ளத்துல போற அண்ணு வெளிய தெளிஞ்ச தண்ணியா பாத்து ஒரு கேன்ல கோரிக் கொண்டு வருவான். எண்ணெய் வாங்குன கேனு. கழுவித்தான் எடுத்தான், சோப்பு போட்டு கழுவினத நா பாத்தேன். அடுக்களையில கொண்டு வச்சுட்டு, அத்தான், மருந்துக்கடையில இது கெடைக்காதுண்ணு சொல்லுவான். நானும் மூணு நேரமும் கொப்பளிச்சேன். உள்ள பொகையுது. பொகைஞ்சாத்தான் ஆறும்ணு ரெண்டு பேரும் நெனச்சோம்.

– கேன்ல நாலஞ்சு நாளு கெடந்த தண்ணி. அண்ணே, இத நீங்க அண்ணைக்கே சொல்லியிருக்கலாமே.

– அவன் அந்தக் கதவுப்பக்கம் நிண்ணுட்டிருந்தான். மொகம் வெளிறிப் போச்சு. நீங்க ஏசிருவீங்கண்ணு நா ஒண்ணும் பறையல்ல. கீழ எறங்கி பஸ்ஸுக்கு நிக்கும்போ சொன்னான், எனக்காலதானே அத்தான் இப்படி ஆச்சு, இந்தத் தடவ உமக்க எடத்துக்கு நா போறேன்ணு. நா வேண்டாம்ணுதான் சொன்னேன். வேற ஆளு பாக்கலாம்ணு சொன்னேன். வந்தப் பிறகு அந்தப் பல்லு ஆடுதாண்ணு நாந்தான் மொதல்ல ஆட்டிப் பாப்பேன், அதுவரைக்கும் ஒருத்தனும் தொடப்படாதுண்ணு சொல்லிட்டுப் போனான்.

– நாந்தானே உப்புத்தண்ணி சொன்னது. பழுத்தப்போவே காரணத்த குத்திக் குத்திக் கேட்டிருக்கணும்.

– நீயும் தொடங்காத பிள்ளே. எங்க வீட்டுல இது தெனசரி நடக்கிய காரியம். ததேயுஸ் சொல்லுவான் எனக்க பல்லாலண்ணு. லீமா ஒண்ணும் சொல்லமாட்டா, ஆனா ஆபரேஷன் செய்யணும்ணு இவன இழுத்துட்டு வந்தது அவதானே, அவளுக்க உள்ள அது கெடந்து அரிக்கும். நா சொல்லுவேன், விடியக்காலத்த கடலப் பாத்தா காத்து வருமாண்ணு எனக்குத் தெரியும், அண்ணு ஒண்ணும் தெரியல்லியேண்ணு. இப்போ நீயும் ஒரு எடம் போட்டு உக்காந்தா பந்தி நெறஞ்சு போவும். காத்து வந்துது. நூறு பிள்ளையள கொண்டு போச்சு. அவனும் போனான்.

– ஆள் கெடைச்சுதா அம்மா?

– இல்ல பிள்ளே. கூடப் போனவங்கள்ல ரெண்டு பேரு லட்சத்தீவுல கரை ஏறினாவ. அவங்க கண்ணுக்கு முன்ன போட்டு மறிஞ்சுதாம். வேற ஒண்ணும் தெரியல்ல. கோழிக்கோட்டுல சவக்கெடங்குல ஒரு ஆளு கெடக்குண்ணு ஃபோன் வந்து, ஒத்துப் பாக்க எனக்க ரத்தத்த எடுத்துட்டுப் போனாவ. சேரல்ல. சேராதப்போ சந்தோஷப்பட்டேன் பாரு, எனக்கு எவ்வளவு பைத்தியம். பின்ன எல்லாரும் சொல்லிச் சொல்லி ஒரு பெட்டி வாங்கினோம். அவனுக்க நீலச் சட்டையும் பேன்ட்டும் மடக்கி வச்சு அடச்சோம். சாமியாரு தண்ணி தெளிச்சாரு. தூக்கினவனுகளுக்கு கனம் இல்ல. ஒருத்தன் கால் தடுக்கிட்டான், பெட்டிக்குள்ள அந்தச் சட்டை அங்கயும் இங்கயும் போற சத்தம் எனக்குக் கேட்டுது.

– மாமி, போதும்.

– சொல்லணும்ணு சொன்னது நீதானே. பிள்ளே, அந்தப் படத்த எனக்கும் ஒருக்கா காட்டு. எலும்பு வந்துதுண்ணு சொன்னியே.

– இதோ அம்மா. இந்த வெள்ள.

– இதா? மழைக்காலத்துல சொவத்துல பூப்பிடிச்ச மாதிரி இருக்கு.

– அதேதான். நாம வச்ச பொடி ஒரு சாரம் மாதிரி. வீடு கெட்டும்போ கம்பு வச்சு சாரம் கெட்டுவாங்கல்லியா? எலும்பு அதப் பிடிச்சு கேறி வரும். வந்த பிறகு பொடி கொஞ்சம் கொஞ்சமா போயிரும். இப்போ நிக்கியது அவருக்க சொந்த எலும்பு.

– கல்லறைக்குள்ள வைக்க ஒண்ணு கெடைக்கல்ல. இஞ்ச வந்து மொளைக்குது.

– அதுதான் டாக்டரே நா சொல்லியது. இந்த மாமிக்க முன்ன இருந்து நா எப்படி மீனு கடிச்சு தின்னுவேன்? லீமா அண்ணையில இருந்து எனக்க கிட்ட பேசமாட்டா. ஒரு வார்த்த கிடையாது. சோறு எடுத்து வச்சுட்டு, அப்பாவ வரச் சொல்லு பெபிஷாண்ணு சொல்லுவா. நா பக்கத்துல நிப்பேன். பிள்ள வந்து, அப்பா, அம்மா உங்கள வரச் சொன்னாண்ணு சொல்லும். நா, வாறேன்ணு சொல்லு மக்களேண்ணு சொல்லுவேன். அந்தப் பிள்ளைக்கு ஏழு வயசு. எங்களுக்கு நடுவுல தபாலாப்பீசு மாதிரி நடக்குது.

– அதுல ஒரு நாளு பெபிஷா சலிச்சுப் போய், ரெண்டு பேரும் நேர பேசினா வாயில புண்ணா வந்துரும்ணு கேட்டா பிள்ளே. நா சிரிச்சுட்டேன். இவங்க ரெண்டு பேரும் சிரிக்கல்ல.

– லீமா உங்க மேல கோவத்துல இருக்காங்கண்ணு எப்படி சொல்றீங்க? துக்கமா இருக்கலாமே.

– சாப்பிட உக்காந்தா எதுக்க வந்து இருப்பா. எனக்க வாயையே பாப்பா. கண்ணெடுக்கமாட்டா. ஒரு உருள உள்ள போறத பாப்பா, அடுத்த உருள போறத பாப்பா. தம்பி போனான், இவன் பல்லு நிண்ணு நல்லா மெல்லுறானேண்ணுதானே அர்த்தம்? நேத்து பெபிஷா கரும்பு கொண்டு வந்தா. நா ஓர்ம இல்லாம ஒரு கடி கடிச்சேன். சடக்குண்ணு சத்தம் கேட்டுது. லீமா தட்ட அப்படியே கீழ வச்சுட்டு எழும்பி உள்ள போயிட்டா. அந்தச் சத்தம் எனக்கே கேக்க முடியல்ல டாக்டரே. அவன் இருக்கும்போ ஆடிட்டிருந்த பல்லு, அவன் போன பிறகு, நல்ல உறுதியா நிண்ணு கரும்பு கடிக்குது.

– இதப் பிடுங்கினா லீமா பேசிருவாங்களா?

– பேசாட்டாலும் பாக்கமாட்டா.

– அண்ணே, ஒண்ணு சொல்லுறேன், நல்லா கேட்டுக்கங்க. பல்ல எடுத்தா பல்லு மட்டும் போகாது. இந்த எலும்பு பல்லுக்கு வேண்டி வந்தது. பல்லு இல்லேண்ணா அதுக்கு அங்க நிக்க ஒரு காரணமும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா கரஞ்சு போயிரும். திரும்ப நா எந்தப் பொடி வச்சாலும் இப்போ வந்த மாதிரி வரும்ணு சொல்ல முடியாது.

– கரையட்டும்.

– அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.

– நா சொன்னா கேப்பானாக்கும். நா சொன்னேன், கடலுக்குப் போடே, கரையில வல கிழிசல் தச்சுட்டு எத்தன நாளு இருப்பேண்ணு. கேட்டானா? ராத்திரி பாயில எழும்பி இருந்து நாக்க வச்சு அந்தப் பல்லத் தள்ளிட்டு இருப்பான். எனக்கு சத்தம் கேக்கும். பெத்தவ நா உறங்குனாலும் இவன் உறங்கமாட்டான். மக்கா, ததேயுசே, இஞ்ச என்னப் பாரு.

– பாக்கேன் மாமி.

– லிஜின் போனதுக்கு நா உன்ன ஒரு நாளு ஏசியிருக்கேனா?

– இல்ல.

– மனசுக்குள்ளயாவது ஏசியிருப்பேண்ணு நீ நெனைக்கலாம். ஏசினேன். அந்த மொத மாசம் தெனமும் ஏசினேன். இவனுக்க பல்லு போயிருந்தா எனக்க பிள்ள இருந்திருப்பானேண்ணு. பின்ன ஒரு நாளு நெனச்சேன், நீ போயிருந்தா எனக்க மவளுல்லா இப்போ நா இருக்கிய மாதிரி இருப்பாண்ணு. அதுக்குப் பிறகு எனக்கு ஏச ஆளு கெடைக்கல்ல.

– மாமி.

– அழாத. மலந்து கெடந்து அழுதா மூக்கு அடச்சு மூச்சு முட்டும். பிள்ளே, பிடுங்கி விட்ரு.

– அம்மா, நீங்களுமா?

– நல்ல பல்லுதான். எனக்குத் தெரியாதா. ஆனா அத வாயில வச்சுட்டு இவன் படுற பாடு நீ பாக்கல்ல. லீமாவும் மனசு மாறப் போறதில்ல. அவ எனக்க மவ, எனக்கு அவளத் தெரியும். ஒரு தடவ வாய மூடினா தொறக்கமாட்டா. இந்தப் பல்லு போனா இவன் ஒரு ராத்திரியாவது உறங்கட்டு. ஒரு பிள்ள போச்சு, மிச்சம் இருக்கியது உருப்படியா இருக்கட்டு.

– எனக்கு கை வரல்ல அம்மா.

– எனக்கும் அண்ணைக்கு பெட்டிய அடைக்க கை வரல்ல. அடச்சேன்.

– செரி. அண்ணே, கடைசியா கேக்கேன். உறுதிதானா?

– உறுதி.

– வாயத் தொறங்க. ஊசி போடாம நா எடுக்கமாட்டேன், அத மட்டும் கேட்டுக்கங்க. இந்தப் பக்கம் திரும்புங்க. எனக்குத்தான் சங்கடமா இருக்கு. இந்த ஈற பாருங்க அம்மா, கொஞ்சம் எழும்பி வந்து பாருங்க. ரோஸ் கலர்ல, இறுக்கமா, ஒரு சொட்டு ரெத்தம் வரல்ல. இவ்வளவு நாளு செக்கப்புக்கு வராத ஒரு வாயி இப்படி இருந்து நா பாத்ததே இல்ல. நீங்க தானா இப்படி வச்சுக்கிட்டீங்களா அண்ணே? தெனமும் கொப்பளிக்கிறீங்களா?

– அது நா இல்ல டாக்டரே. எனக்கு அதுக்கெல்லாம் எங்க மனசு. மாமிதான். மாமி, இத நா உங்ககிட்ட சொன்னதே இல்ல. சொல்ல வாய் வராது. மவனப் பறிகொடுத்துட்டு, அதுக்குக் காரணமான வாய்க்கு தெனமும் தண்ணி காச்சி வைக்கிறீங்க. கொப்பளிக்காம விட்டா உங்களுக்கு மனசு நோவும்ணு, அதுக்கு வேண்டியே கொப்பளிச்சேன்.

– எந்தத் தண்ணி மக்கா?

– விடியக்காலத்த அடுப்புக்குப் பக்கத்துல வைப்பீங்களே. அந்த வெள்ளப் போணியில, உப்பு கலக்கி, தட்டு வச்சு மூடி. நா எழும்பி வரும்போ கை பொறுக்கிய சூட்டுல இருக்குமே.

– நா அப்படி ஒரு தண்ணியும் வைக்கல்லியே.

– பின்ன பெபிஷாவா வைப்பா? அவளுக்கு அடுப்பு எட்டாது.

– நா நேரம் வெளுக்க முன்ன தேங்காப்பட்டணத்துக்கு மீன் ஏலத்துக்குப் போறவ. நீ எழும்பும்போ அந்தத் தண்ணி சூடா இருக்கணும்ணா, நம்ம வீட்டுல பின்ன யாரு மக்கா உண்டு?